பாதிக் கிணற்றில் நின்ற நங்கூர மிஷின்

அன்புள்ள மச்சான் அய்யப்பன் அவர்களுக்கு,

மலையடிவாரத்திலிருந்து பொன்னுரங்கம் வாயால் சொல்ல, மகள் செந்தமிழ்ச்செல்வி கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் தங்கை பாப்பாத்தியும் கன்று போட்ட பசுவும் நலம். கடலூரில் உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா? உங்கள் அப்பா, எங்கள் மாமாவும் நலம். நேற்று மட்டும் கிணற்றுக்குள்ளே, பாதி ஆழத்தில், பக்கெட்டில் உட்கார்ந்தபடி நலமாக இருந்தார். பதற வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

கல்வராயன் மலைமேல் மேகம் வந்து நிற்கிறது, வெள்ளிமலையில் கொட்டுகிறது, நம் கரும்புக்கு ஒரு தூறல் கிடையாது. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டாவிட்டால் இந்த வருஷம் கரும்பு இல்லை, விறகுதான். அந்தக் கவலையில்தான், யாரோ வெள்ளைக்காரருடைய பாய்மரப் படகைப் பிரித்தபோது கிடைத்ததென்று நீங்கள் அனுப்பினீர்களே, நங்கூரம் தூக்கும் மிஷின், அதைக் கிணற்று மேட்டில் பூட்டினோம். நங்கூரத்தைத் தூக்குவது சேற்றைத் தூக்காதா? பக்கத்துக் கொல்லை தங்கதுரை டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு பட்டனை அமுக்கினால் சங்கிலி இறங்குகிறது, இன்னொன்றை அமுக்கினால் ஏறுகிறது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எம்புள்ள அனுப்ன மிஷினு, நான்தான் மொதல்ல எறங்குவேன் என்று, சேறு அள்ளச் சங்கிலியில் மாட்டியிருந்த பக்கெட்டில் ஏறிவிட்டார். இறங்கினார், சேற்றைத் தொட்டுப் பார்த்தார், ஏறி வரும்போது பாதியில் நின்றுபோச்சு. பட்டனை அமுக்கினால் மிஷின் பெட்டிக்குள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். விட்டு அமுக்கினால் இன்னொரு ‘டக்’. சங்கிலி அசையவில்லை.

கயிறு விடுகிறோம், பிடித்து ஏறுங்கள் என்றேன். மாமா அண்ணாந்து பார்த்தார்.

“மிஷின்ல எறங்கனவன் கயித்துல ஏறி வந்தா எம்புள்ளைய ஊரு இன்னா சொல்லும்? மிஷின்லதான் வருவேன், மாப்ள. நீ ஒன் வேலையப் பாரு.”

என் வேலையே அவரை ஏற்றுவதுதான். யாரைக் கூப்பிடுவது? இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடக்கிறது, பஸ் இல்லை. வெட்டின மரத்துப் புளி வெட்டினவருக்கா, மரம் விழுந்த இடத்துக்காரருக்கா என்று அங்கே தனியாக ஒரு மறியல் நடந்தது, அதை இன்னொரு நாள் சொல்கிறேன். அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் சாதுல்லா பாய். கள்ளக்குறிச்சியில் பேட்டரி கடை வைத்திருப்பவர், வெள்ளிமலைக்கு ஜீப்பில் சரக்கு கொண்டுபோய்த் திரும்பினவர், நம்ம வூட்டில்தான் தங்கியிருக்கிறார். அவர் வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து மாமாவுக்கு ஒரு சலாம் வைத்தார். பேட்டரி வீக்கு என்றார். தங்கதுரைக்கு முகம் சுருங்கிவிட்டது, அவரையே வீக்கு என்று சொன்ன மாதிரி. ஜீப் பேட்டரியைக் கழற்றி வந்து, அதே ஒயரைத் தலைக்கவ்வியோடு அப்படியே அதில் மாட்டினோம். ‘டக்’. அப்படியென்றால் மோட்டாரில் கடல் உப்பு ஏறியிருக்கும் என்று திறந்தார். உள்ளே கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. மாமா கீழேயிருந்து தட்டிப் பாருங்கடா என்றார், தட்டினேன். ‘டக்’. பாப்பாத்தி தூக்குச்சட்டியைக் கயிற்றில் கட்டிக் கூழ் இறக்கினாள், கூடவே மோர்மிளகாய். மாமா கூழை வாங்கிக்கொண்டு, உப்பு கம்மி என்று மேலே செய்தி அனுப்பினார்.

அப்புறம் பாய் ஜீப்பிலிருந்து ஒரு சின்ன பல்பைக் கழற்றி வந்தார். பேட்டரி தலையில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. அதே தலையின் கவ்வியில் முறுக்கின ஒயர் நுனியில் வைத்து என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னால் பல்பு செத்துப்போகிறது. கரண்டு வாசல்லயே நின்னுக்கினுகீது என்று சொல்லி ஒயரைக் கழற்றினார். அடியில் கெட்டியாக ஏதோ ஒன்று, கம்மென்று வாசனை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கிணற்றுக்குள் குனிந்தார்.

“பெரியவரே, ஒயருக்கு அடியில சந்தனம் வச்சது யாருங்க?”

மாமா கூழ்ச்சட்டியின் அடியை விரலால் வழித்தார்.

“நல்ல சந்தனம்தான், பாயி.”

மிஷினுக்குப் பூசை போட்ட அன்றைக்கு, மேலே பொட்டு வைத்தால் பத்தாது, கரண்டு நுழையிற வாசலிலேயே மங்களமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு திருகுக்கும் அடியில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் ஒயரை முறுக்கியிருக்கிறார். இறங்கும்போது பாரமில்லை, தெரியவில்லை. ஏறும்போது சூடாகி ஓடு மாதிரி காய்ந்து கரண்டை மறித்துவிட்டது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினோம். அமுக்கினேன். மாமா சாமி புறப்பாடு மாதிரி ஏறி வந்தார். மறியல்காரர்கள்கூட மரத்தை விட்டுவிட்டு வந்து கை தட்டினார்கள். மாமா இறங்கி எல்லாரையும் பார்த்து, எம்புள்ள அனுப்ன மிஷினு என்றார். சந்தனத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே மிஷின் நன்றாக ஓடுகிறது, நாளை முதல் சேறு அள்ளுகிறோம், நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். உங்கள் கடலில் குறையாமலும் எங்கள் கிணற்றில் கூடியும் தண்ணீர் இருக்க, எல்லாரும் நல்லா இருப்போம்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று மேலே சொன்னதை விட்டுவிடவும். நேற்று பக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கம் பாறை இடுக்கில் ஈரம் பிசுபிசுத்ததாம், மாமா இன்றைக்குத்தான் சொன்னார். கடப்பாரையால் குத்தினோம், ஊற்று பீறிட்டு வருகிறது. கரும்பு பிழைத்தது, சேறு அள்ள வேண்டியதில்லை. ஆனால் எம்புள்ள மிஷினுக்கு எங்க நிக்கணும்னு தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லி, மிஷினைத் தங்கதுரை கிணற்றுக்கு மாற்றச் செய்து, அங்கேயும் ஊற்று பார்க்க மாமா மறுபடி இறங்கிவிட்டார். நன்றாக ஓடுகிற மிஷினைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, முதுகில் ஈரம் படுகிறவரை ஏற்றாதே என்கிறார். மகன் வந்து சொன்னால்தான் ஏறுவாராம். மறியல் முடிந்து பஸ் விட்டதும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன், கண்டதும் புறப்பட்டு வரவும். அதுவரை கூழ் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.