ஒற்றைச் செருப்பு மாதா பாட்டு

மாதா துணை. (இந்தக் கடிதத்துக்கு அவவின் துணை கொஞ்சம் கூடுதலாகவே தேவை.)

குருநகர்

பிரான்சுக் குளிருக்குள் இருக்கும் அன்பு மச்சான் லெனாட்டுக்கு, உன் அக்கா புருஷன் எமில்ராஜ் எழுதுவது. நானும் உன் அக்கா ஜெனிற்றாவும் என் பழைய கிற்றாரும் நல்ல சுகம், கிற்றாருக்கு மட்டும் ஒரு கம்பி குறைவு. நீயும் உன் மனுசி லவீனாவும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், அதைப் பிடித்திருப்பதும் உன் அக்காதான்.

சங்கதி இதுதான். கோயிலின் யூபிலி விழாவுக்கு ஒரு மலர் அச்சாகிறது. புதுப் பங்குச் சுவாமி இளம் ஆள், எதையும் ஆராயாமல் விடமாட்டார். நான் கட்டிய மாதா பாட்டுப் பிறந்த கதையை ஒரு பக்கம் எழுதித் தரட்டாம். அத்தோடு நிற்காமல், "லெனாட் அண்ணையும் அப்ப உங்களோடை நிண்டவராமே, அவரிட்டையும் கேக்கிறன்" என்று உன் நம்பரையும் வாங்கிப் போய்விட்டார். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது மாதாவுக்குக் கட்டிய பாட்டு இல்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர், நீயும் நானும். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் உன் அக்கா நீலச் சட்டையோடு கரையில் நின்று கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருக்க, ஒரு செருப்பை நாய் கவ்விக்கொண்டு ஓட, அவள் மற்றச் செருப்போடு நாயைத் துரத்தி எங்கள் வள்ளத்தடிக்கு வர, நான் அங்கேயே விழுந்தேன், பின்னேரமே பாட்டு வந்துவிட்டது, அதை உங்கள் வேலிக்கரையில் நான் கிற்றாரோடு பாட, நீ காவல் நின்றாய், நீ நின்ற லட்சணத்தில் உன் ஐயா லியோன் துடுப்போடு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். "ஆருக்கடா பாட்டு?" என்றார். "மாதாவுக்கு, ஐயா" என்று என் வாய் தானாகச் சொன்னது. மனிதன் துடுப்பைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அப்படியே என் கையைப் பிடித்து அப்போதிருந்த சுவாமியிடம் இழுத்துப்போனார். போகிற வழியில் "பாரடி" என்பதைப் "பாரம்மா" என்று மாற்றினேன். நான் செய்த திருத்தம் அவ்வளவுதான். மறுநாள் நவநாளில் ஊரே முழங்காலில் நின்று பாடியது:

நீலம் உடுத்தவளே, நீரோரம் நிற்பவளே,
உப்புக் கரத்தாலே உள்ளம் தொட்டவளே,
ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த தாரகையே,
ஒருக்கால் திரும்பிப் பாரம்மா.

பக்தியுள்ள பெடியன் என்று அந்த வருடமே உன் ஐயா பெண்ணையும் தந்தார். அன்றிலிருந்து எத்தனை பிரசங்கம் கேட்டுவிட்டேன். நீலம் வானமாம். உப்பு உலகுக்குச் சாரமாம். செருப்புப் போட்ட கால் மண்ணிலும் போடாத கால் மோட்சத்திலும் நிற்கிறதாம். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் பூசை கண்டபோது, ஒன்றும் கொண்டுவராத சனம் இந்தப் பாட்டை மட்டும் கொண்டுவந்திருந்தது. அன்று நானும் அழுதேன், யாரை நினைத்து அழுதேன் என்று மட்டும் கேட்காதே.

பிறகு கலியாணத்துக்கு, வள்ளம் இறக்க, தேர்தலுக்கு என்று இருநூறு பாட்டுக் கட்டியிருப்பேன். ஒன்றும் அதுபோல் வரவில்லை. அவள் எட்டாத தூரத்தில் நின்றபோது பாட்டு வந்தது. கிட்ட வந்து தேங்காயையும் திருவலையையும் கையில் தந்த பிறகு வரவில்லை. ஆனாலும் மச்சான், தேங்காய் திருவிய இந்த வருடங்களை நான் எந்தப் பாட்டுக்கும் மாற்றமாட்டேன்.

அவளுக்கோ ஒரே குறை. "ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டினியள், எனக்கு ஒரு வரி எழுதினனியளோ?" கிழமைக்கு ஒருதரம் கேட்பாள். கோயிலில் அந்தப் பாட்டை எல்லாரையும்விட உரத்துப் பாடுவதும் அவள்தான், சுருதி எங்கேயோ போகும், முன்வாங்குகளில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மை தெரிந்தால், மாதாவுக்குரியதை இவ்வளவு காலம் தான் வாங்கிவிட்டோமே என்று அவள் கோயிலில் வாயே திறக்கமாட்டாள். அந்தச் சத்தம் இல்லாத கோயிலில் எனக்கு இருப்பில்லை. ஆகையால் சுவாமி உனக்குப் போன் எடுத்தால், மாதா என் கனவில் வந்தா என்று சொல்லு. சத்தியம் மட்டும் பண்ணாதே.

லவீனாவுக்கு எங்கள் அன்பு. அந்தோனியார் உன்னையும் உன் நாக்கையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் எமில்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுத்து வந்தால், உன் அக்கா மேசையடியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"செருப்பை நாய் தானாக் கவ்வேல்லை. நான்தான் எறிஞ்சு விட்டனான், உங்கடை வள்ளத்தடிக்கு வரவேணுமெண்டு."

"அப்ப பாட்டு?"

"இந்தக் குருநகரிலை ஒற்றைச் செருப்போடை ஓடினது வேறை ஆர்? என்ரை பாட்டை நான் உரத்துப் பாடாமல் ஆர் பாடுறது?"

"பிறகேன் ஒரு வரி எழுதேல்லை எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீ?"

"உங்கடை வாயாலை சொல்லுவியளெண்டு. கடைசியிலை தம்பிக்கெல்லோ சொல்லியிருக்கிறியள்."

மச்சான், இந்தக் கடிதம் உனக்கு வராது. இந்தப் பின்குறிப்பை எழுதத்தான் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறாள். உறையில் உன் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.