இடப்பக்கம் திரும்பாத மணப்பறவை

விடாதே, தாக் மான்சோக்! மலை பெயர்த்த மறவரையும் கடல் கலக்கிய தோள்வலியாளரையும் பாடிப் பாடி அலுத்த நாவே, தலைநகர் ஹன்யாங்கின் மணமகள் மாளிகை முற்றத்தில், செம்பட்டில் சுற்றிய காட்டு வாத்தை நெஞ்சோடு அணைத்து, அதன் நெடுங்கழுத்தை இடப்பக்கம் திருப்ப மல்லுக்கட்டும் இந்த அரண்மனைச் சிற்றதிகாரியைப் பாடு!

பெண்ணழைக்க வந்த மாமன்னர் இருபதடி தள்ளி நிற்கிறார். சடங்குப்படி அவர் மணமேடையில் வைக்கவேண்டிய வாத்தை அவர் கையில் கொடுக்கும்போது அதன் தலை இடப்பக்கம் இருக்கவேண்டும். அது கத்தவும் கூடாது. பிசகினால் அரச மணத்துக்கே அபசகுனம். மான்சோக்கின் பதவியும் முதுகுத்தோலும் அன்றோடு போச்சு.

வடதிசை முகில் கிழித்து வந்த அந்த விறல்வேந்தான வாத்தோ வலப்பக்கமே திரும்பியது.

"யோவ், இடப்பக்கம்யா! இடப்பக்கம்!" பக்கத்தில் நின்ற அந்தப்புர மேலாளர் நாம்குங் அம்மாள் பல்லைக் கடித்தாள்.

"எனக்குத் தெரியுது தாயே, இதுக்குத் தெரியணுமே!"

"தெரியாட்டி சேஜு தீவுக்கு நாடுகடத்துவாங்க, அங்க குதிரைக்குப் புல்லு அள்ளு. நல்ல காத்து!"

மூண்டது பெரும்போர். வில்லென வளைந்து வேலெனப் பாய்ந்த அலகு, மலைக்குகை நிகர்த்த அவன் வலது அங்கிக்கைக்குள் புகுந்து கடைய, ஹன் ஆற்று வெள்ளமென வியர்வை வழிய, கருந்தொப்பி புருவத்தில் சரிய, முழங்கையால் நெட்டித் தள்ளி, அடிமேல் அடிவைத்து முன்னேறினான் மான்சோக். மீண்டும் புகுந்தது அலகு, மீண்டும் பிடுங்கினான்.

"வானகம் அறிக! வையகம் அறிக! மணப்பறவை வருகிறது!" என முழங்கினார் சடங்குத் தலைவர்.

கடைசி அடி. என்ன நினைத்ததோ, வாத்து தானாகவே இடப்பக்கம் திரும்பியது. மன்னரின் திருமுகத்துக்கு நேரே கழுத்தை நீட்டியது. நெஞ்சு புடைத்தது. தொண்டை துடித்தது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான் மான்சோக்.

சத்தமே இல்லை.

மன்னர் பறவையை வாங்கி மேடையில் வைத்தார். அது கற்சிலையாய் அமர்ந்தது.

"அரசர் அறத்தின் முன் காட்டுப்பறவையும் வாயடங்கியது!" சடங்குத் தலைவரின் குரலுக்கு அவையே தலை தாழ்த்தியது.

"என்ன மந்திரம்யா போட்டே?" நாம்குங் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனுக்கே விளங்கவில்லை. வாயிலுக்கு வெளியே போய் உட்கார்ந்து, வலது அங்கிக்கைக்குள் கையை விட்டான்.

காலைப் பசிக்கென்று உள்ளே போட்டு வந்த, பல்லில் ஒட்டும் மூன்று அரிசிக் கொழுக்கட்டைகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.