வீட்டார் கருத்து ஏற்கப்படாது

என் சிந்தசைசர் விஷயத்தில் இனி வீட்டார் கருத்து ஏற்கப்படாது என்று ஒரு நாள் தீர்மானம் போட்டேன். அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வேலை அறைக் கதவில் ஒட்டினேன். எங்கள் வீட்டில் வீட்டார் என்றால் ஒரே ஒருத்திதான். என் மனைவி சித்ராதேவி.

வந்து நின்று படித்தாள்.

"ஏனுங்க, வீட்டார்னு எதுக்குப் பொதுவா எழுதறீங்க? எம்பேரையே போட்டிருக்கலாமில்லீங்க?"

"கருத்துச் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குது."

"சரிங்க, சொல்லல. மேல் மூலை ஒட்டாமத் தூக்கீட்டு நிக்குது. அதை மட்டும் அமுக்கி உடுங்க."

அமுக்கிவிட்டேன். தீர்மானம் அமலுக்கு வந்த முதல் நிமிஷம் இப்படிப் போயிற்று.

இது நடந்து ஒன்பது வருஷம் இருக்கும். சித்ரா போய் நாலு வருஷம். தாள் இன்னும் கதவில் இருக்கிறது. இப்போதுதான் அதை மீற ஆளில்லை.

நான் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மிஷின்களின் கண்ட்ரோல் போர்டைச் சரி செய்கிறவன். படித்து வந்த வேலை இல்லை, கழற்றிப் பார்த்து வந்தது. மிச்ச நேரத்தில் மாடுலர் சிந்தசைசர் செய்தேன். அது ஒரே வாத்தியம் இல்லை, தனித்தனிப் பெட்டிகள். ஒரு பெட்டி சத்தம் எழுப்பும். இன்னொன்று அதை வடிகட்டும். மற்றொன்று ஏற்றி இறக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர் சொருகினால்தான் இசை. இதைச் சித்ராவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன்.

"நம்மூரு ஜாப் ஒர்க்காட்டத்தானுங்க," என்றாள். "நிட்டிங் ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம். நடுவால வண்டி ஓடோணும். உங்களுக்கு வயரு ஓடுது."

ஒரு மணி நேரத்தை ஒரு மூச்சில் முடிப்பது அவள் வழக்கம்.

பெங்களூரில் ஒரு வாத்தியக் கடை என்னிடம் இருபத்தைந்து பெட்டி கேட்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல் ஆர்டர். பெட்டியின் முன்பக்கத்தை மூடும் முகத்தகட்டை வெட்டி எழுத்து அச்சடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கடைக்குப் பிடிக்கவில்லை என்றால் இருபத்தைந்தும் திரும்பி வரும். கூடவே என் மானமும் பார்சலில் வரும்.

அந்த முகத்தகட்டை மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தேன். கறுப்புத் தகடு. திருகுவதற்குப் பன்னிரண்டு குமிழ்கள், டவுன் பஸ் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு. வயர் சொருகும் துளைகள் உச்சியில். எழுத்து ஒவ்வொரு குமிழுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நான் எடுக்கவில்லை.

சித்ரா ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனில் குறை கண்ட இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தகட்டைக் காணோம். அம்புகள்தான் தெரிந்தன.

"என்ன இது?"

"இதுங்களா? வயரு மேல இருந்து தொங்கிக் குமிழை மறைக்குது. இந்த அம்பு, திருகற கை எழுத்தை மறைக்கறதுக்கு. இது, ஒண்ணைத் திருகுனாப் பக்கத்துக் குமிழும் கூடவே வர்றதுக்கு."

"இந்தக் கடைசி அம்பு?"

"அது உங்க கைரேகைங்க. தொடச்சாப் போயிரும்."

அன்றைக்குத்தான் அந்தத் தீர்மானம்.

"கருத்துங்கறது வாசிக்கறவிங்க சொல்லோணும். செக்கிங் சொல்லக் கூடாது," என்றேன்.

"அவிங்களையே கேளுங்க. நான் வேண்டாங்கலியே."

கேட்டேன். மூன்று பேருக்கு ஆளுக்கொரு மாதிரிப் பெட்டி கொடுத்தேன். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் கலீல். சர்ச்சில் வாசிக்கும் ராபின். குறும்படங்களுக்கு இசை போடும் அருள்செல்வன். பத்து நாள் கழித்து நேரில் போய்க் கருத்துப் படிவம் நீட்டினேன். மூன்று பேரும் எழுதியது ஒரே வார்த்தை: அருமை. படிவங்களைத் தீர்மானத்துக்குக் கீழே வரிசையாக ஒட்டினேன்.

சித்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "மூணும் பாஸுங்களா? குறையே இல்லாத ரிப்போர்ட்டு வந்தா நாங்க நம்ப மாட்டமுங்க. செக்கிங் புள்ள பீஸைப் பாக்காம டீக்குப் போயிட்டான்னு அர்த்தம்."

"ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் ஊட்டுக்குக் கூப்படறேன். உன்ற முன்னாலயே சொல்லட்டும்."

"கூப்படுங்க. பெட்டியை இருக்கறபடிக்கே கொண்டாரச் சொல்லுங்க. தொடைக்கக் கூட வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று பேரும் வந்தார்கள். போண்டா வந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"எப்படி இருக்குதுங்க நம்ம பெட்டி?"

"சூப்பருங்கண்ணா," என்றான் கலீல்.

"நல்லாருக்குண்ணே," என்றான் ராபின்.

"அம்சமுங்க," என்றான் அருள்செல்வன்.

சித்ராவைப் பார்த்தேன். தேர்தலில் ஜெயித்தவன் தோற்றவனைப் பார்க்கிற பார்வை அது. அவள் போண்டாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"எப்படி இருக்குதுன்னு நாங் கேக்கலீங்க தம்பி. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கலீல்தான் முதலில் பையைத் திறந்தான். பெட்டிகளை வரிசையாக மாட்டும் அவன் சட்டகத்தில் என் பெட்டி தலைகீழாக இருந்தது.

"தம்பி, தலைகீழா மாட்டிப்புட்டீங்க."

"இல்லீங்கண்ணா, வேணும்னுதான் மாட்டுனேன். இப்படி வெச்சாத்தான் வயரு கீழ தொங்குது, குமிழு தெரியுது."

ராபினுடையதும் தலைகீழ். "அண்ணே, தப்பா நெனைக்காதிய," என்றான். "எழுத்தும் தலைகீழாப் போச்சுல்லா. அதான் லுகோபிளாஸ்ட்ல எழுதி ஒட்டிட்டேன்." காயம் பட்ட ஆளைப் போல என் பெட்டி உடம்பெல்லாம் பிளாஸ்திரியோடு கிடந்தது.

அருள்செல்வன் தன் பெட்டியை நேராகத்தான் வைத்திருந்தான். மகன் என்றால் இவன் மகன் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஆறு குமிழ்களைக் காணோம்.

"எனக்கு வெரலு தடிசுங்க. ஒண்ணு உட்டு ஒண்ணு கழட்டீட்டேன்," என்றவன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். "ஆறும் பத்திரமா இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்கு அருமைன்னு எழுதுனீங்க?"

கலீல் தரையைப் பார்த்தான். "எழுதி முடிக்கற வரைக்கும் நீங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்கண்ணா."

சித்ரா இன்னொரு போண்டாவை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். ஆனால் அவள் அதை வைத்த விதம் இருக்கிறதே.

அவர்கள் போன பிறகு, "தகட்டுல எந்த மாத்தமும் கிடையாது," என்று அறிவித்தேன்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்களே," என்றாள்.

கேட்கவில்லைதான். திங்கட்கிழமை அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு முழுவதும் மாற்றி வரைந்தேன். பழைய வரைபடம் ஏற்கெனவே பெயர்ப்பலகைக் கடை ஆத்தப்பனிடம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை பெங்களூருக்குச் சரக்கு அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில், சோமனூரில் ஒரு மிஷின் நின்றுவிட்டது என்று சித்ராவிடம் பொய் சொல்லிவிட்டு நேராக அவன் கடைக்கு ஓடினேன்.

"ஆத்தப்பா, பழைய வரைபடம் வேண்டாம். சின்னத் திருத்தம். சித்ராகிட்ட மூச்சு உடக் கூடாது."

அவன் ஓர் அட்டைப்பெட்டியை என் முன்னால் தள்ளினான். உள்ளே இருபத்தைந்து தகடுகள். வெட்டி, அச்சடித்து, அடுக்கியாகிவிட்டது.

"வெட்டீட்டியா? போச்சு, எல்லாம் போச்சு!"

"நல்லாப் பாருங்கண்ணா."

பார்த்தேன். துளைகள் அடியில். எழுத்து குமிழுக்கு மேலே, வெள்ளையில், பெரிதாக. குமிழுக்குக் குமிழ் தாராளமாக விரல் போகிற இடைவெளி. என் புது வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதேதான். அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

"இதை யாரு வரைஞ்சது?"

ஆத்தப்பன் ஒரு பழுப்பு அட்டையை எடுத்துக் காட்டினான். பனியனுக்கு அளவு வெட்டுகிற பேட்டர்ன் அட்டை. துளைக்குத் துளை அளவு குறித்திருந்த கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான்.

"அக்கா போன வியாழக்கெழமயே குடுத்துட்டாங்கண்ணா."

வியாழக்கிழமை! போண்டாவுக்கு மூன்று நாள் முன்னால்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு உனக்குத் தோணலியாடா?"

"கேட்டனுங்கண்ணா. 'புதன்கெழம அவரே வந்து இதையேதான் கேப்பாரு, எடுத்துக் குடுத்துரு'ன்னாங்க." ஆத்தப்பன் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தான். "இன்னைக்குச் செவ்வாய்தானுங்களே?"