மாமனார் கொடுத்த டில்லர்

"ஏங்க, அது ஏன் இப்படி அலறுது?" என்று சமையலறை ஜன்னல் வழியாக மனைவி கேட்டாள்.

"எண்ணெய் கேக்குது," என்றார் மாப்பிள்ளை, எல்லாம் தெரிந்தவர் போல.

மண்ணைக் கொத்திப் புரட்டும் அந்த டில்லர் மாமனாருடையது. வாசல் தாழ்ப்பாளுக்குக்கூட ஞாயிறுதோறும் எண்ணெய் போடுகிற மனிதர் அவர். மாப்பிள்ளை கைபட்ட மிக்சியும் மின்விசிறியும் போன கதி தெரிந்து, இவருக்கு ஒரு குடைகூட இரவல் தந்ததில்லை. அப்படிப்பட்டவர் தானே வண்டி வைத்து டில்லரைக் கொண்டுவந்து இறக்கி, "ஆயில், கிரீஸ் எல்லாம் நீங்களே பாத்துக்கங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனால், மனுஷனுக்கு நெஞ்சு நிமிராதா? இதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், அந்த வீட்டில் இனி தலைநிமிர்ந்து சாப்பிடலாம். சாயங்காலம் எடுத்துப்போக வருகிறார்.

மாப்பிள்ளை கிரீஸ் டப்பாவைத் திறந்தார். அசைகிற இடமெல்லாம் தடவ வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தார். பெல்ட்டும் அசைகிறதல்லவா? அதற்கும் தாராளமாகத் தடவினார்.

அலறல் நின்றது. கத்திகளும் நின்றன. இன்ஜின் உறுமியது, பெல்ட் வழுக்கியது, மண்ணில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"பெல்ட்டுக்குப் போய் யாராவது கிரீஸ் தடவுவாங்களா?"

"நீ உள்ள போ."

பெல்ட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, மனைவியின் முகப்பவுடரை அப்பினார். கத்திகள் சுற்றின. ஆனால் சோம்பலாக. தோட்டம் மட்டும் கமகமவென்றிருந்தது.

"பழைய ஆயில்தான் காரணம்," என்று முடிவு கட்டி, இன்ஜினிலிருந்து அதை வடித்தார். தார் மாதிரி கொஞ்சம் வந்தது. புது ஆயில் ஊற்ற மூடியைத் திறந்தார். டில்லரில் இரண்டு மூடிகள். ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று கியர் பெட்டிக்கு. அவர் திறந்தது கியர் பெட்டியை.

"கீழ ஒழுகுதேங்க?"

"வயிறு நிறைஞ்சா ஏப்பம் விடாதா?"

இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். சொட்டு ஆயில் இல்லாத இன்ஜின் சற்று நேரம் வீராப்பாக ஓடியது. பிறகு புகைந்தது. 'கடக்' என்றது. அதோடு சரி. அடுத்த இழுப்பில் கயிறு மட்டும் கையோடு வந்தது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் மதில்மேல் எட்டிப் பார்த்து, மோப்பம் பிடித்தார். "இன்ஜின் இறுகிப் போச்சு சார். இனி எடைக்குத்தான் போடணும். ஆமா, பவுடர் வாசனை எங்கேருந்து வருது?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் வண்டி வந்து நின்றது. மாமனார் இறங்கினார். பின்னாலேயே மாமியார், கை நிறைய விதைப் பொட்டலங்களோடு.

"டில்லர் ரெடியா மாப்பிள்ளை? எங்க வீட்டுப் பின்பக்கம் பூரா கொத்தணும்னு இவர்கிட்ட சொல்லியிருக்கேன்," என்றபடி மாமியார் மகளைப் பார்க்க உள்ளே போனார்.

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா... மன்னிச்சுடுங்க. கொன்னுட்டேன்."

மாமனார் குனிந்தார். அறுந்த கயிற்றைப் பார்த்தார். கத்தியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நிச்சயமா?"

"நிச்சயமா மாமா."

மாமனார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் முதல் முறையாகக் கை போட்டு, காதோரம் சொன்னார்:

"மூணு வருஷமா ஆயிலே மாத்தாம ஓட்டிப் பாத்தேன், சாக மாட்டேன்னுச்சு; அதான் உங்க கையில கொடுத்தேன்!"