முட்டை சொன்ன தேர்தல் முடிவு

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, பிரதேச சபைத் தேர்தல் முடிவு எட்டு நாள் முந்தியே வந்துவிட்டது. தேர்தல் ஆணைக்குழுவுக்குத்தான் விஷயம் தெரியாது.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்த நாகலிங்கச் சாமி, கோயில் வாசலில் தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்தார். எதிராளி அருள்தாஸ் பேர் எழுதிய முட்டை ஒன்றில் மூழ்கியது. நம்ம வேட்பாளர் கிருஷ்ணராஜ் முட்டை மற்றதில் ஜம்மென்று மிதந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தட்டில் விழுந்த நோட்டுகளைச் சாமி குறி பார்க்காமலே எடுத்துக்கொண்டார். 'முட்டை தீர்ப்பு! கிருஷ்ணராஜ் அமோக வெற்றி!' என்று பேஸ்புக்கில் செய்தியும் வந்தது.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஷாமிளாவுக்கும் கிருஷ்ணராஜ்தான் ஜெயிக்க வேண்டும். ஓயா என்கிற ஆற்றுக்குப் பாலம் கேட்டு அலைந்தவர் அவர் ஒருவர்தான். போன மழைக்கு ஷாமிளாவின் மகள் அங்கே குறுக்கே போட்ட மரக்கட்டையில் வழுக்கித் தண்ணீரில் விழ, தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். அதனால் ஒரு கொப்பியோடு லயம் லயமாக, வீடு வீடாகப் போனாள்.

"புஷ்பக்கா, ஓட்டு யாருக்கு?"

"கிருஷ்ணராஜுக்குத்தான்."

"தேர்தல் அன்னைக்கு ஓட்டுப் போட போவீங்கதானே?"

"எதுக்கு? அதான் முட்டையே மிதந்துருச்சே! மூணு மைல் எறங்குறதுக்கு, கைக்காசுக்கு கொழுந்து எடுத்தா நாலு காசு வரும்."

கொப்பியில் நூறு பேர் கிருஷ்ணராஜ் பக்கம். அவர்களில் வாக்குப் போடப் போகிறவர்கள் முப்பத்தெட்டு.

"இப்பிடியே போனா தோத்துருவோம்ணே" என்று கட்சிக்காரர்களிடம் சொன்னாள்.

"அருள்தாஸ்கிட்ட எவ்வளவு வாங்குன?" என்றார்கள். முட்டையிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாமி மறுபடியும் ஜாடிகளோடு வந்து முட்டைகளைப் போட்டுக் காட்டினார். ஷாமிளா முன்னால் போய் நின்றாள்.

"சாமி, முட்டைய மாத்திப் போடுங்க."

"தெய்வக் குத்தமாயிரும்மா!"

"ஜாடி மாறுனா தெய்வத்துக்கு ஆளு தெரியாம போயிருமா சாமி?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளே இரண்டு முட்டையையும் எடுத்து மாற்றிப் போட்டாள். கிருஷ்ணராஜ் குபுக்கென்று மூழ்கினார். அருள்தாஸ் ஜம்மென்று மிதந்தார்.

புஷ்பம் மிதந்த ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, கருவாட்டுத் தண்ணி மாதிரி கரிக்குதே! உப்பை அள்ளிக் கொட்டியிருக்கான்!"

சாமி தட்டை மறக்காமல், ஜாடியை மறந்து ஓடினார். போன வாரமே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இதே சாமி அருள்தாஸ் முட்டையை மிதக்க விட்டிருந்தாராம். அங்கேயும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

"அப்ப யாருடி ஜெயிப்பா?" என்றாள் புஷ்பம்.

"நீங்க எறங்குனா நம்மாளு. கொழுந்துக்குப் போனீங்கன்னா மத்தவரு."

தேர்தலன்று கொழுந்துக் கூடைகள் லயத்திலேயே கிடந்தன. கிருஷ்ணராஜ் பதினொரு வாக்கில் தப்பினார். இப்போது அதே பேஸ்புக்காரர், 'முட்டை அன்றே சொன்னது!' என்று போட்டிருக்கிறார். நானூறு பேர் லைக்கும் போட்டிருக்கிறார்கள்.

மகாஜனங்களே, முட்டைக்கு வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அடுத்த தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முன், தண்ணீரைக் கொஞ்சம் நக்கிப் பாருங்கள்.