பெரட்டு மண்டோருக்கு ஓர் ஆள் வேண்டும்

மலேசியாவில், அசாம் ஜாவாவிலிருந்து கெர்லிங் வரையுள்ள தோட்டங்களில் பிறந்தவர், வளர்ந்தவர், வாழ்க்கைப்பட்டு வந்தவர் எவராயினும் சரி, வாழ்நாளில் ஒருமுறையேனும் பெரட்டு மண்டோரின் குரலுக்கு "இருக்கேன்" என்று விடை சொல்லியிருப்பார். சொல்லாதவர் ஒருவர் உண்டெனில் அவருக்குச் செவித்திறன் இல்லாதிருக்க வேண்டும்; அல்லது அன்று எதிர்க்காற்று மிகக் கடுமையாக வீசியிருக்க வேண்டும்.

தோட்ட வாழ்வை அறியாதோருக்குச் சிறு விளக்கம். விடியற்பொழுதில் தொழிலாளர்கள் திடலில் கூடி நிற்க, மேற்பார்வையாளராகிய மண்டோர் ஒவ்வொரு பெயராக அழைத்து வருகை குறிப்பதே பெரட்டு. எங்கள் மண்டோரின் பெரட்டுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பெயரை மூன்று முறை அழைப்பார். மூன்றாம் அழைப்புக்கும் விடை இல்லையேல் ஏட்டில் "இல்லை" என்று எழுதுவார். எழுதியதை மாற்றவே மாட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விதியைக் கண்ணெனக் காத்தார். ஓய்வு பெற்ற பின்னும் காத்ததுதான் சிக்கல்.

திருமணத்திற்குப் புறப்படும் பேருந்தில் பெரட்டு. கோயில் அன்னதானப் பந்தியில் பெரட்டு. ஒரு முதியவரின் இறுதிச் சடங்கில் "ரெண்டாவது மருமகன்!" என்று அவர் முழங்க, கூடாரத்தின் பின்புறமிருந்து வெண்சுருட்டைக் காலால் மிதித்தபடி, "இருக்கேன் மண்டோரே, இங்கதான் இருக்கேன்லா!" என்று ஒருவர் ஓடிவந்ததை நான் கண்ணாரக் கண்டேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாய் இருந்த எனக்குப் பணிநிறைவு விழா எடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் வரச் சற்றுக் காலம் தாழ்ந்தது. மண்டோர் மேடையேறி அவர் பெயரை மூன்று முறை அழைத்தார். பின்னர், "இல்ல!" என்று அறிவித்து விழாவைத் தொடங்கிவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து வந்த விருந்தினர், நன்றியுரை வரை கடைசி வரிசையில் ஒரு நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரை மேடைக்கு அழைக்க எவருக்கும் துணிவு வரவில்லை.

மண்டோரின் மனைவி வள்ளியம்மாள் அவரது பிரிவிலேயே மருந்தடிக்கும் வேலை செய்தவர். மனைவிக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வரக்கூடாதென்று, அந்தப் பெயரைத்தான் முதலில் அழைப்பார். இருவரும் ஓய்வு பெற்று அசாம் ஜாவாவில் ஒரு சிறு வீட்டில் குடியேறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. காலை ஆறரைக்கு வாசலில் நின்று, "வள்ளியம்மா!" என்பார். சமையலறையிலிருந்து பதில் வரும்:

"வந்தாச்சு, வந்தாச்சு! ரெண்டு பேரு இருக்கற வீட்டுல எவன் காணாமப் போவான்?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அம்மையார் நோயுற்று மறைந்தார். இறுதிச் சடங்கை மண்டோரே முன்னின்று நடத்தினார். நாற்காலிகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. ஊர்தி குறித்த நேரத்தில் வந்தது, குறித்த நேரத்தில் புறப்பட்டது. கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. "இரும்பு மனுசன்லா" என்று ஊர் வியந்தது. நானும் வியந்தேன். மறுநாள் முதல் அவ்வீட்டு வாசலில் பெரட்டு நின்றுபோனதை ஊரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒரே மகள் மகேஸ்வரி. ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பணியாற்றுபவர். தாயின் இரண்டாம் நினைவுநாளில், படையலுக்குப் பின், தந்தையின் அருகில் அமர்ந்து கேட்டாராம்:

"அப்பா, உங்களுக்கு அம்மா ஞாபகமே வரலையா?"

மண்டோர் நீண்ட நேரம் எண்ணிப் பார்த்து விடையளித்தார்:

"பின்னால லோங்காங் அடைச்சிருக்கு. கிளியர் பண்ணணும்."

மகள் எழுந்துவிட்டார். "ரெண்டு வருசமா அம்மா பேரக்கூட நீங்க சொல்லல. இந்த வீட்டுல நான் மட்டும் ஒக்காந்து அழுதுட்டுப் போகணுமா? நீங்க மொதல்ல ஒரு கவுன்சிலரப் போயிப் பாருங்கப்பா. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்க. அப்புறம் வர்றேன்." பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர், நான்கு மாதங்களாகத் திரும்பவில்லை. தொலைபேசியில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பார். அதோடு சரி. சாக்கடையோ அன்றே துப்புரவாகிவிட்டது.

ஒருநாள் காலையில் மண்டோர் தம் விசையுந்தில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு ஆளு வேணும்."

"என்ன வேலைக்கு?"

"மனசுக்கு."

உளநல ஆலோசகரைத் தேடும் படலம் இவ்வாறு தொடங்கியது. ஆயின் மண்டோர் வாழ்நாளெல்லாம் வேலைக்கு ஆள் எடுத்தவர். தம்மைப் பரிசோதிக்க ஒருவரைத் தேடுகிறோம் என்பது அவர் எண்ணத்தில் ஏறவே இல்லை.

ராவாங்கில் முதலாமவர். கண்ணாடி அணிந்த, கனிவான மனிதர். "உட்காருங்க ஐயா, உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். "அது இருக்கட்டும். கையக் காட்டுங்க" என்றார் மண்டோர். அவர் திகைத்துக் கையை நீட்டினார். செம்பனைக் குலை வெட்ட வரும் ஆள்களின் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவிப் பார்த்துவிட்டு, மண்டோர் எழுந்துகொண்டார். படியிறங்கும்போது என்னிடம், "கொழந்த கை மாதிரி இருக்கு வாத்தியாரே. ஒரு காப்புக்கூடக் காய்க்கல. இவரு எங்க என் மனசத் தூக்கப் போறாரு?" என்றார்.

செரண்டாவில் இரண்டாமவர். இவரிடம் கை பார்க்கக் கூடாதென்று வழியெல்லாம் அறிவுறுத்தியிருந்தேன். மண்டோரும் பார்க்கவில்லை. மேசைமீதிருந்த மெல்லிழைத் தாள் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"அழுகை வந்தா யூஸ் பண்ணிக்கலாம் அங்கிள்."

மண்டோரின் முகம் சிவந்தது. "ஆளு உள்ள வர்றதுக்கு முன்னாடியே அழுவான்னு முடிவு பண்ணிட்டீங்களா? வேல தொடங்கல, அதுக்குள்ள ரிப்போட் எழுதி வச்சாச்சா?" அங்கும் நாங்கள் பத்து நிமிடத்திற்குமேல் தங்கவில்லை.

மூன்றாமவர் கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கீழே, தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்த பாய் ஒருவரின் உணவகம். இம்முறை மண்டோர் தம் போக்கை மாற்றினார். தோட்டத்தில் எவரும் துரையின் முன் தாமே போய்ப் பேசுவதில்லை. எழுதத் தெரிந்த அலுவலகக் கிராணி மனு எழுதுவார். பேசத் தெரிந்த ஒருவர் பேசுவார். குறை உடையவர் பின்னால் கைகட்டி நிற்பார். அதுவே முறை. ஆகவே என்னை மனு எழுதச் சொன்னார்.

எழுதினேன். இரண்டு பக்கம். பொய்யடக்கம் வேண்டாம், நன்றாகவே எழுதினேன். "அகத்தே தேங்கிக் கிடக்கும் ஆற்றொணாத் துயரினை நாவினால் வெளிப்படுத்தவியலாது தவிக்கும் அடியேன்..." என்று தொடங்கியது.

அப்பெண்மணி அதைப் பொறுமையாக இருமுறை படித்தார்.

"அங்கிள், இது உங்க வார்த்தையா?"

"இல்லம்மா. வார்த்த வாத்தியாரோடது. கையெழுத்து என்னோடது."

"அப்ப உங்க வார்த்த என்ன? உங்களுக்கு எப்படி இருக்கு?"

மண்டோர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க வாத்தியாரே."

நான் தொண்டையைச் செருமி, "அன்னாரின் உள்ளம்..." என்று தொடங்கினேன்.

"சார்," என்றார் அப்பெண்மணி, மிகுந்த மரியாதையுடன், "நீங்க கீழ போயி ஒரு டீ குடிங்களேன்."

நாற்பது ஆண்டுகள் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பியவன் நான். அன்றுதான் அதன் சுவையை அறிந்தேன்.

ஆலோசகரிடம் பேசுபவை வெளியே போகக்கூடாது என்பது அத்தொழிலின் அறம். அப்பெண்மணி அந்த அறத்தைப் பழுதறக் காத்தார். மண்டோரின் குரல்தான் காக்கவில்லை. முப்பது ஏக்கருக்கு அப்பால் நிற்பவரை அழைத்துப் பழகிய குரல். ஒரு பலகைத் தளம் அதற்கு எம்மாத்திரம்? முதல் வாரம், "ஒண்ணும் இல்லம்மா!" என்பது கீழே தெளிவாகக் கேட்டது. இரண்டாம் வாரம், "நல்லாத் தூங்கறேன்லா!" என்று கேட்டது. பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாயை வீசிக்கொண்டிருந்தவர், "பொய்," என்றார். பாய் அவரை முறைத்தார்.

"நமக்கு என்னாத்துக்குப்பா அது? ரொட்டியப் போடு." பின்னர் என் பக்கம் குனிந்து, "ஆனா பொய்தான் சார்," என்றார்.

மூன்றாம் வாரம் மாடியில் நெடுநேரம் ஓசையில்லை. அப்பெண்மணி கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும். அவருடைய தந்தையும் விடியலில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர். அதனால்தான் அவருக்கு, மண்டோர் பின்னர் என்னிடம் சொன்னபடி, இப்படிக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்: "அங்கிள், உங்க வீட்டுக்கு ஒரு பெரட்டு எடுங்களேன்."

திடீரென்று மேலிருந்து, "மகேஸ்வரி!" என்று குரல் எழுந்தது. உணவகத்தில் ஒருவர் கையிலிருந்த கோப்பை தளும்பியது. பிறகு பேரக் குழந்தையின் பெயர். பிறகு அமைதி.

"வள்ளியம்மா!"

திடலில் நான் எத்தனையோ முறை கேட்ட அதே முழக்கம். விடை இல்லை.

"வள்ளியம்மா."

இம்முறை குரல் இறங்கியிருந்தது. ரொட்டி வீசுபவரின் கை நின்றது. பாய் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

மூன்றாம் அழைப்பு எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் உதடு அசைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

"யாரு சார் அது, வள்ளியம்மா?" என்று பாய் மெல்லக் கேட்டார்.

"அவருடைய மனைவி," என்றேன். "இறந்து இரண்டு ஆண்டாகிறது."

அரைமணி நேரம் கழித்து மண்டோர் இறங்கி வந்தார். கண்கள் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன. கையில் மெல்லிழைத் தாள் பெட்டி, முழுதாக.

"பெட்டியோடவே குடுத்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். பாய் கேட்காமலே பாலில்லாத தேநீர், தே ஓ ஒன்று கொண்டுவந்து வைத்தார். மண்டோர் அதைத் தள்ளி வைத்தார்.

"மூணு தடவ கூப்புட்டு பதில் வரலன்னா 'இல்ல'ன்னு எழுதணும் வாத்தியாரே. அதான் நான் கூப்புடவே இல்ல."

நான் எழுதிய இரண்டு பக்க மனு சட்டைப்பையில் இருந்தது. அதில் இந்தச் செய்தி எங்குமே இல்லை.

அவர் திறன்பேசியை எடுத்து மகளை அழைத்தார். ஒலிபெருக்கியில் பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

"சொல்லுங்கப்பா. சாப்பிட்டீங்களா?"

"அத விடு மகேசு." மூச்சு வாங்கினார். "அம்மா ஞாபகம் வருதும்மா. தெனமும் வருது. காலையிலதான் ரொம்ப."

மறுமுனையில் அமைதி. மண்டோர் பதற்றத்துடன் என்னைப் பார்த்தார். "லைன் போயிருச்சா?"

"இல்லை. அழுகிறாள்."

"ஓ," என்றவர், தாள் பெட்டியைத் திறன்பேசியின் அருகே நகர்த்தி வைத்தார்.

"ஞாயித்துக்கெழம வர்றோம்பா," என்றது குரல், சிறிது நேரம் கழித்து.

"வாம்மா. லோங்காங் கிளீனா இருக்கு."

ரொட்டி வீசுபவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மீண்டும் வேலையைத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். உணவுக்கு முன் மண்டோர் வாசலில் நின்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வீட்டில் பெரட்டு.

"மகேஸ்வரி!"

"வந்தாச்சு, வந்தாச்சு!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. யாருடைய விடையைத் தாம் சொன்னோம் என்பதை அந்தப் பெண் நினைத்ததாகத் தெரியவில்லை; குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். மண்டோர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிழைத் தாளை எடுத்து, முறையாக நான்காய் மடித்து, கண்களை ஒற்றிக்கொண்டு, அடுத்த பெயருக்குப் போனார். பேரக் குழந்தை, "பிரசண்ட் டீச்சர்!" என்றது.

மாடிப்படி ஏறுவதை அவர் இன்னும் விடவில்லை. மாதம் ஒருமுறை போகிறார். பாய் அன்று மட்டும் வானொலியின் ஒலியைக் கூட்டி வைக்கிறார். அதுவும் ஓர் அறம்தான். அப்பெண்மணி அவருக்கு வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறார்: நாள்தோறும் நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்து, மனத்திலிருப்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். அந்த ஒருவராக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். என் கையைப் பார்க்காமலே.

காலை ஆறரைக்குத் தொலைபேசி ஒலிக்கும். எடுத்துக் காதில் வைத்தால், "வாத்தியாரே!" என்று முழங்குவார். நான் இருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் செய்தி வரும். "இன்னிக்கு எரிச்சலா இருக்கு." "இன்னிக்குக் கொஞ்சம் சந்தோசம்லா." "நேத்து அவள நெனச்சேன், ஆனா நல்லா இருந்திச்சு." வானிலை அறிக்கைபோல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

தனியே வாழ்பவன் நான். இந்த வீட்டில் என்னை அழைப்பார் வேறு எவருமில்லை. ஆகவே முதல் அழைப்புக்கு நான் விடை சொல்வதில்லை; இன்னும் ஒருமுறை கேட்கட்டுமே என்று காத்திருப்பேன். இரண்டாவது அழைப்புக்கு, "இருக்கிறேன் மண்டோரே," என்று சொல்லிவிடுவேன். மூன்றாவது வரை அவரைக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை.