டிகிரி அக்காவும் நாலு புள்ளி எட்டும்

உலகத்தில் இருக்கிற பொருளுக்கெல்லாம் பேர், நிறம், விலை என்று ஏதேதோ இருக்கலாம். டிகிரி அக்காவைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் இருப்பது ஒன்றே ஒன்றுதான். சூடு.

அவளுடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறு எங்கேயும் யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பால் சேகரிக்கிற நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. வந்த பால் நாலு டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தெர்மாமீட்டர் உண்டு. அக்கா முதலில் புறங்கையை வைத்துப் பார்த்து ஒரு நம்பர் சொல்வாள். அப்புறம்தான் தெர்மாமீட்டரைப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தெர்மாமீட்டரை மாற்றச் சொல்லி எழுதிப் போடுவாள்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி பக்கத்தில் வந்தால் போதும். ஒரு தொடு. "எழுபத்திரெண்டு. தாராளமா ஊத்துப்பா." ஜுரம் என்று படுத்திருப்பவரின் நெற்றியில் கை வைத்து, "தொண்ணூத்தி ஒம்பது கூட இல்ல, எழுந்து வேலைக்குப் போ" என்பாள். எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் பொய் சொல்லி லீவு போட நினைக்கிறவர்கள் அக்கா வீடு இருக்கிற தெரு வழியாகவே போக மாட்டார்கள்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை ஊரே அறிந்தது. காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாளாம்.

"ஆறிப்போச்சுங்க. அம்பத்தெட்டுதான் இருக்கும். குடிச்சுக் கிடிச்சு வெக்காதீங்க, வேற போட்டாறேன்."

திரும்பி உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையோடு வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் இரண்டாவது காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல சூடு" என்றாராம். கல்யாணம் முடிந்தது. அவர் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும் கோபப்படாத ஒரே கண்டக்டர். அக்கா அவரை 'ரூம் டெம்பரேச்சர்' என்று கூப்பிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். பால் கணக்கை ஏற்றுவதற்கு நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது நின்றுவிடும். எல்லாரும் அதன் தலையில் தட்டிப் பார்த்தார்கள். அக்கா பக்கவாட்டில் தொட்டுப் பார்த்தாள். "அய்ய, இதுக்கு ஜுரம்" என்று மூடியைக் கழற்றித் தூசியைத் தட்டி, உதவாதென்று கண்டம் போட்ட கூலிங் பெட்டியிலிருந்து ஒரு ஃபேனைப் பிடுங்கி மாட்டினாள். மெஷின் ஓடியது. அன்றிலிருந்து ஓவர்கிளாக் வீடியோ பார்ப்பதே அவள் பொழுதுபோக்கு.

ஓவர்கிளாக் என்றால் ஒன்றும் பிரமாதமில்லை. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற பிராசஸர் இவ்வளவு வேகத்தில் ஓடும் என்று கம்பெனி ஒரு அளவு குறித்துத் தரும். அதற்கு மேலே நாமாகவே வேகத்தை ஏற்றுவது. ஏற்றினால் சூடாகும். அந்த ஒரு வார்த்தை போதாதா அக்காவுக்கு? எந்தெந்த நாட்டுக்காரர்களோ எந்தெந்த பாஷையிலோ பேசுகிற வீடியோக்களை உட்கார்ந்து பார்ப்பாள்.

"அவன் பேசறது இன்னாக்கா புரியுது உனக்கு?" என்று கேட்டேன்.

"அவன் இன்னா பேசினா எனக்கின்னாடி? மீட்டர் தெரியுது இல்ல?"

என் கதைக்கு வருகிறேன். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். முன்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். மகள் பிறந்ததும் வீட்டிலேயே செய்யலாம் என்று வந்துவிட்டேன். என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் என் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. அதன் வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டில் கல்யாண வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வந்ததே வந்துட்ட, இரு, வளைகாப்புச் சாப்பாடு சாப்ட்டுப் போ" என்றார்கள்.

அதற்கப்புறம் ஆர்டர் குறைந்தது. நல்ல மெஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பழைய ஸ்டூடியோவுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்ற நிலைமை. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பெரிய மெஷினுக்கு அது பாதிக்குக்கூடக் காணாது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நல்ல மனிதர், வியாபாரி. வீடியோ எடிட்டிங் என்றதும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, சாமி விக்கிரகத்தை இறக்குகிற மாதிரி இறக்கினார்.

"மேடம், இது பதினாறு கோர். பதினாறு மூளை சேந்து வேலை செய்யுற மாதிரி. டாப் மாடல். கண்ண மூடிக்கினு வாங்கலாம்."

"கண்ணத் தொறந்துக்கினுதான் வாங்குவோம்" என்றாள் அக்கா. "ஆறு கோர் போதும். நடு ரகம். ஆனா பூட்டு போட்டதா, தொறந்ததா?"

"பூட்டா? இன்னாம்மா பூட்டு?"

"வேகத்த ஏத்த வுடாம கம்பெனிக்காரன் பூட்டி அனுப்புறான் இல்ல, அது. எங்களுக்குத் தொறந்த பிராசஸர் சிப்பு வேணும்."

கடைக்காரர் முதல் தடவையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். ஆறு கோர் சிப்பு ஒன்று வந்தது. பெரிய டப்பாவின் விலையில் பாதிகூட இல்லை. நான் பையைத் திறந்தேன். அக்கா மூடினாள்.

"சிப்பு மட்டும் தொறந்திருந்தா ஆச்சா? போர்டும் வுடணும் இல்ல? மட்டமான போர்டுல போட்டா ஏத்தவே முடியாது. கரண்டு வர்ற எடத்துல அலுமினியக் கட்டி வெச்ச போர்டா எடு. மிச்சத்துக்கு ரெண்டு ஃபேன் வெச்ச பெரிய கூலர். கரண்டு சப்ளைப் பெட்டி நல்லதா. கலர் கலரா எரியுற லைட்டெல்லாம் எடுத்துக் கீழ வெய்யி, அது சீரியல் செட்டு வேலை."

கேட்டதெல்லாம் மேஜைக்கு வந்தது. போதாததற்கு, கடையில் ஓடிக்கொண்டிருந்த டெமோ மெஷின் ஒவ்வொன்றின் முதுகிலும் புறங்கையை வைத்து, "இது அறுபத்தொண்ணு... இது எண்பத்திமூணு, சிப்பு மேல தடவுன பேஸ்ட்டு காஞ்சு போச்சு, மாத்து" என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைக்காரர் நம்பாமல் ஸ்கிரீனில் பார்த்தார். எண்பத்தி நாலு காட்டியது. டீ வாங்கிவரச் சொன்னார். டீக்கும் ஒரு நம்பர் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கூத்து. கூடத்து மேற்குச் சுவர் வெயில் வாங்கும் என்று அக்கா சொன்னதால் கம்ப்யூட்டர் எங்கள் படுக்கையறைக்குப் போனது. வடக்கு ஜன்னல் அங்கேதான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கூடத்துக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தலையணையோடு நின்று, "அப்ப அதுக்குக் கட்டில் வேணாமா?" என்று கேட்டார். அக்கா உண்மையாகவே யோசித்துவிட்டு, "வேணாம், தரையவிட்டு ஒரு சாண் ஒசந்தா போதும்" என்றாள்.

அப்புறம் வேகத்தை ஏற்ற ஆரம்பித்தாள். கொஞ்சம் ஏற்றுவது, அரை மணி ஓடவிட்டுச் சூடு பார்ப்பது, மறுபடியும் கொஞ்சம். இரண்டு நாள். பிராசஸர் வேகத்தை அளக்கிற கிகாஹெர்ட்ஸ் கணக்கில் நாலு புள்ளி ஐந்தில் நிறுத்தினாள். "இதுக்கு மேல வேணாம். அக்கினி நட்சத்திரம் வருது" என்றாள். மெஷின் பறந்தது. முன்பு ராத்திரி பூராவும் எடுத்த வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "முப்பத்தாறு புள்ளி எட்டு, நார்மல்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பூரணாங்குப்பத்திலிருந்து ஆரோக்கியராஜ் வந்தான். சர்ச்சில் கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத மாப்பிள்ளை. கப்பலில் வேலை.

"வியாழக்கெழம கெளம்பணும்க்கா. ஒம்போது மாசம் கடல்தான். அங்க நெட்டும் ஒழுங்கா வராது. படத்த ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, பாத்துக்கினே ஓட்டிடுவேன். முடியுமா?"

முடியும் என்றேன். பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஒன்றும் பேசவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்காரர் அக்காவுக்கு ஃபோன் செய்தார். குசலம் விசாரிக்கத்தான். பேச்சுவாக்கில், "அதே சிப்ப வாங்கின வேற ஒருத்தர் நாலு புள்ளி எட்டு ஏத்திட்டாரும்மா" என்றார்.

அக்கா வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டுக்குள் நுழைந்தாள். முகம் சரியில்லை.

"எவனோ ஒருத்தன் எட்டு போட்டுட்டானாம். நம்ம சிப்பு இன்னா எளச்சதா?"

"அக்கா, வேணாம். கல்யாணப் படத்து வேலை போயிக்கினு இருக்குது."

"காலம்பற குளுகுளுன்னு இருக்குது. பத்து நிமிஷம் பாத்துட்டேன்னா மனசு ஆறிடும்."

பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. அக்கா சிரித்துக்கொண்டே போனாள். நாலு புள்ளி எட்டு அப்படியே இருந்தது. அன்று பகல் ஒரு மணிக்கு வெளியே தார் ரோடு இளகியது. வெட்டி ஒட்டியதை ஒரே படமாகச் சேர்க்கிற ரெண்டரிங் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் தொண்ணூற்று நாலு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த படம் பட்டென்று மறைந்து, ஒரே நீலம். திரும்ப ஆன் செய்து பார்த்தால் ஃபைல் கெட்டுப்போயிருந்தது. முந்தின நாள் எடுத்து வைத்த காப்பி மட்டும் இருந்தது. அன்றைக்குச் செய்த ரிசப்ஷன் பாகம் முழுக்கப் போச்சு.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். கத்தவில்லை, சத்தியமாக. ஆனால் என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் மெஷினைத் தொடவில்லை. ஒரு நம்பரும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ரூம் டெம்பரேச்சர் மாமா. தோளில் இரண்டு ஈரச் சாக்கு.

"இன்னைக்கு அவ லீவு போட்டுட்டா. பதினெட்டு வருசத்துல மொத முழு நாள் லீவு. எங்க கல்யாணத்துக்கே அரை நாள்தான் போட்டா" என்றார்.

பின்னாலேயே அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். வேகத்தை நாலு புள்ளி இரண்டுக்கு இறக்கினாள்.

"நாலு புள்ளி அஞ்சுல வெச்சாலே ஓடுமே அக்கா?"

"ஓடும். ஆனா இன்னைக்கு ஓடுமான்னு பாக்கற நாள் இல்லடி. ஓடணும்."

சாக்கை ஜன்னலில் கட்டினாள். காய்ந்தபோதெல்லாம் மாமா தண்ணீர் தெளித்தார். நான் போன வேலையை மறுபடி செய்தேன். பன்னிரண்டரைக்கு ரெண்டரிங் போட்டேன். அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புறங்கையை அதன் மேல் வைத்தாள், எடுக்கவேயில்லை. என் வீட்டுக்காரர் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். இடது கையை மெஷினில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாள். எண்பது, எண்பத்தைந்து சதவீதம். தொண்ணூற்று நாலு வந்தபோது என் மகள்கூட அழுகையை நிறுத்திவிட்டாள். தொண்ணூற்றைந்து. நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

மூன்று மணிக்கு முடிந்தது. ஆரோக்கியராஜ் நாலரைக்கு வந்து, மனைவியோடு உட்கார்ந்து முதல் பத்து நிமிஷம் பார்த்தான். மோதிரம் மாற்றுகிற இடம் வந்ததும் அந்தப் பெண், முதல் தடவையாக, வாயைத் திறந்தாள். "இதுல நீ அழுவுறியே!" என்றாள். "வெயிலு" என்றான் அவன். மறுநாள் கிளம்பிப் போனான்.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம், "நேத்து தப்பு எம்மேல" என்றாள். அவ்வளவுதான். நான் காபி போட்டேன். அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். குறைவாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

பூரணாங்குப்பத்திலிருந்து அடுத்த மாதமே மூன்று கல்யாணம் வந்தது. இப்போது என்னிடம் இரண்டு மெஷின். இரண்டாவதற்கும் நடு ரகச் சிப்புதான், திறந்ததுதான், அக்கா எடுத்ததுதான். நாங்கள் படுக்கையறையை மீட்டு, கம்ப்யூட்டருக்கென்று தனி அறை கட்டிவிட்டோம். வடக்கு ஜன்னலோடு.

போன தை மாதம் பாகூரில் ஒரு கல்யாணம். நானே கேமராவும் பிடித்தேன். பேண்டு செட்டு வாசித்துக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குப் பின்பக்கம், வாழைமரம் கட்டிய தூணுக்கு மறைவில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அக்காவும் மாமாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாளமே சேரவில்லை. நான் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினேன். கல்யாண வீட்டாருக்கு அவர்கள் கேட்டதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த நாற்பது வினாடி மட்டும் என்னிடமே இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் போட்டுப் பார்ப்பேன்.